நாயைத் தேடப் போய் நாயகனைப் பிடித்த ஃபில்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரலாறும் அரசியலும் பேசுகிற ஒரு இணையக் குழுவுக்கு நான் அட்மின். வசவு தாங்க முடியாமல் கெட்ட வார்த்தைப் பட்டியல் ஒன்றைப் போட்டு, அவை வந்தால் நட்சத்திரக் குறியாக மாறும்படி வைத்தேன். இப்போது யார் 'ஜனநாயகம்' என்று எழுதினாலும் 'ஜன*கம்' என்று வருகிறது. திட்டுகிறவர்களோ ஜாலியாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே தப்பு?

பட்டியலில் 'நாய' என்று போட்டிருக்கிறீர்கள், சரியா? ஏன் போட்டீர்கள் என்பதும் தெரியும், நானும் ஒரு காலத்தில் அதே வேலையைச் செய்தவன்தான். முதலில் 'நாய்' என்று ஒழுங்காகப் புள்ளியோடுதான் போட்டிருப்பீர்கள். மறுநாளே ஒருவர் 'நாயே' என்று திட்டியிருப்பார், ஃபில்டர் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை 'நாய்' என்பது ந, துணைக்கால், ய, புள்ளி என்ற நான்கு குறிகள். 'நாயே' என்று கூப்பிட்டவுடன் கடைசிப் புள்ளி காணாமல் போய் அங்கே ஏகாரக் குறி வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதனால் அதற்கு இது வேறு சொல். சரி, புள்ளியை எடுத்துவிடுவோம் என்று 'நாய' என்று சுருக்கியிருப்பீர்கள். நாயே, நாயை, நாயின், நாயோடு எல்லாம் சிக்கின. கூடவே நாயகன், நாயகி, நாயன்மார், நாயனம், விநாயகர், ஜனநாயகம் எல்லோரும் சிக்கினார்கள்.

உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை சேர்த்துப் படித்தால் ஒரு கெட்ட வார்த்தை வரும், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். நிறுவனம் ஃபில்டரைத் திருத்துவதற்குப் பதிலாகத் தற்காலிகமாக ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி எழுதச் சொன்னது! இன்றும் இந்த வகைக் கோளாறுக்கு அந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

மறைப்பதை விட மோசம், வேறு சொல்லாக மாற்றுவது. 2008-ல் ஒரு அமெரிக்கச் செய்தித் தளம் தன்பாலின ஈர்ப்பாளரைக் குறிக்கும் 'கே' என்ற சொல் எங்கே வந்தாலும் 'ஹோமோசெக்ஷுவல்' என்று தானாக மாறும்படி வைத்திருந்தது. அந்த ஆண்டு ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஓட்டக்காரர் டைசன் கே ஜெயித்ததும் செய்தியில் அவர் 'டைசன் ஹோமோசெக்ஷுவல்' ஆகிவிட்டார். நீங்கள் வரலாற்றுக் குழு நடத்துவதால் இதையும் கேளுங்கள்: யாஹூ மின்னஞ்சலில் பாதுகாப்புக்காக 'இவால்' என்ற நிரல் கட்டளையை 'ரிவ்யூ' என்று மாற்றும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அது வசவு ஃபில்டரே இல்லை, ஆனால் வியாதி ஒன்றுதான். 'மெடீவல்', அதாவது இடைக்காலம் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளுக்குள் அந்தக் கட்டளை ஒளிந்திருக்கிறதா, மின்னஞ்சல்களில் அது 'மெடிரிவ்யூ' என்று மாறிப் போய், அந்த இல்லாத சொல் இணையப் பக்கங்களில் வேறு பரவியது.

2020-ல் இன்னும் வேடிக்கை. தொல்லுயிர் ஆய்வாளர்களின் இணையவழி மாநாட்டில் கேள்வி கேட்கும் பகுதிக்கு யாரோ ஆயத்த ஃபில்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். 'எலும்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அதில் தடை. டைனோசர் ஆராய்ச்சியாளர்கள் எலும்பு என்று சொல்லாமல் என்னதான் பேசுவார்கள்?

இப்போது செய்ய வேண்டியது. நட்சத்திரம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். சொல் சிக்கினால் பதிவு உங்கள் பார்வைக்கு வந்து காத்திருக்கட்டும், நீங்கள் படித்துவிட்டு விடுங்கள் அல்லது தூக்குங்கள். அப்புறம், 'நாயக', 'நாயன' என்று ஒரு விலக்குப் பட்டியல் போட்டு, அதை முதலில் பார்க்கும்படி வையுங்கள். 'முழுச்சொல்லாக வந்தால் மட்டும் பிடி' என்று ஒரு வசதி இருக்கும், அதை நம்பாதீர்கள். உருபு ஒட்டி ஒட்டிச் சொல் வளரும் தமிழில் அது பாதியைத்தான் பிடிக்கும், சில நிரல் மொழிகளில் துணைக்காலையும் கொம்பையும் எழுத்தாகவே கணக்கில் எடுக்காததால் சொல்லை நடுவில் வெட்டிவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் 'மயிர்' என்று எழுதினால் பதிவு போகாது. அது சாதாரணச் சொல்தானே?

சாதாரணச் சொல்தான். குறளில் 'மானம்' என்ற ஒரே அதிகாரத்தில் இரண்டு முறை வருகிறது: 964-ல் 'தலையின் இழிந்த மயிரனையர்', 969-ல் 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா'. உங்கள் அட்மினின் ஃபில்டர் வள்ளுவரை இரண்டு தடவை எச்சரித்துவிட்டு மூன்றாவது தடவை வெளியே அனுப்பிவிடும்.

ஆனால் அட்மின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இன்று அந்தச் சொல்லைத் தனியாக ஒருவர் மேல் வீசினால் அது முடியைக் குறிப்பதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். சொற்கள் இப்படித் தடம் மாறிக்கொண்டேதான் இருக்கும். 'நாற்றம்' குறளில் நறுமணம், இன்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். 'பரதேசி' வேறு நாட்டிலிருந்து வந்தவன், யாத்திரை போகிறவன். இன்று அப்படிக் கூப்பிட்டால் சண்டைதான். அகராதியில் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது, யார் யாரைப் பார்த்து எந்தத் தொனியில் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க ஃபில்டருக்குக் கண் இல்லை.

கேள்வி: கெட்ட வார்த்தையின் நடுவில் புள்ளியோ நட்சத்திரமோ போட்டு எழுதினால் அது நாகரிகமா?

படிக்கிறவர் அந்த இடத்தை மனதுக்குள் நிரப்பித்தானே படிக்கிறார்? திட்டும் வேலையில் பாதியை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

கேள்வி: இவ்வளவு செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அதை வைத்தே வசவைக் கண்டுபிடிக்க முடியாதா? ஃபில்டரை ஏமாற்றுகிறவர்களுக்கு முடிவே இல்லையா?

ஏமாற்றுகிறவர்களைப் பற்றி முதலில். சீனாவில் 2009 வாக்கில் 'புல் மண் குதிரை' என்ற ஒரு கற்பனை விலங்கு இணையத்தில் பிரபலமானது. சீன மொழியில் அந்தப் பெயரை உச்சரித்தால் தாயைப் பழிக்கும் ஒரு வசவைப் போலவே ஒலிக்கும், எழுத்து மட்டும் வேறு. தணிக்கைக்காரர்களால் என்ன செய்ய முடியும், குதிரையைத் தடை செய்வதா? நம் ஆட்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒரே வசவை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதலாம், நடுவில் இடைவெளி விடலாம், கண்ணுக்கே தெரியாத பூஜ்ய அகல எழுத்து ஒன்றைச் செருகலாம். 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறியையே யூனிகோடில் ஒரு குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஃபில்டருக்கு இரண்டும் வேறு. (இந்தக் கடைசிக் கோளாறை மட்டும், ஒப்பிடும் முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சரிசெய்யலாம்.)

இனி செயற்கை நுண்ணறிவு. எந்திரக் கற்றல் என்று சொல்லப்படும் அந்த முறை, சொற்பட்டியலை விடத் தேவலை, மறுக்கவில்லை. கூகுளைச் சேர்ந்த ஜிக்சா 2017-ல் 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற கருவியை வெளியிட்டது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அது எவ்வளவு நச்சு என்று 0-க்கும் 1-க்கும் இடையே மதிப்பெண் போடும். அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திட்டுச் சொல்லில் ஒரு எழுத்தைக் கூட்டியோ ஒரு புள்ளியைச் செருகியோ மதிப்பெண்ணைச் சரித்துக் காட்டினார்கள். 'அவர்கள் முட்டாள்கள் இல்லை' என்பது மாதிரியான வாக்கியத்துக்கு மட்டும் மதிப்பெண் குறையவே இல்லை! கருப்பின அமெரிக்கர்கள் தங்களுக்குள் சகஜமாகப் பேசும் ஆங்கிலத்தை இந்த வகைக் கருவிகள் அதிகமாக வசவு என்று குறிப்பதாக 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. நண்பர்கள் 'டேய் எருமை' என்று கூப்பிட்டுக்கொள்வதை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. 'உங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தானா?' என்று ஒருவர் கேட்கிறார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, மரியாதைப் பன்மை வேறு. ஒரு நாள் முழுக்கத் தூக்கத்தைக் கெடுக்கும்.

கேள்வி: ஒருவர் என்னைத் தனிச்செய்தியில் ஆபாசமாகத் திட்டினார். அவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டு 'இப்படித் திட்டுகிறார்' என்று குழுவில் எழுதினேன். என் பதிவை நீக்கி, எனக்கே ஒரு வாரத் தடை. அவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். இது என்ன நியாயம்?

அநியாயம்தான் அம்மா. திட்டுவதற்கும், திட்டியதை எடுத்துக் காட்டுவதற்கும் ஃபில்டருக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசம் தெரிந்த மனிதர் யாரும் உங்கள் பதிவைப் பார்க்கவில்லை. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதியும் அவருடைய கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்தச் செய்தியிலிருந்தே ரிப்போர்ட் செய்யுங்கள், அட்மினுக்குத் தனியாக அனுப்பித் தடையை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். குழுவில் எழுதுவதானால் வசவை எழுத்தில் திரும்பப் போட வேண்டாம், 'ஆபாசமாகத் திட்டினார், ஆதாரம் அட்மினிடம் இருக்கிறது' என்று எழுதுங்கள். மிரட்டலும் சேர்ந்திருந்தால் அட்மினோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், காவல்துறையிடம் போங்கள்.

கேள்வி: தடை செய்த சொற்களின் பட்டியலை உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகக் காட்டலாமா?

வேண்டாம். நான் ஒரு முறை காட்டினேன். அன்று மாலைக்குள் பட்டியலில் விட்டுப்போன சொற்களையெல்லாம் ஆளாளுக்கு அனுப்பி வைத்தார்கள், உதாரண வாக்கியங்களோடு.