பூச்சு இருக்கிறதே, ஊசி எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்க்குள் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பூச்சு உண்டு என்றார்கள். அப்புறம் ஹெப்பாரின் ஊசி வேறு எதற்கு?

பதில்: நியாயமான சந்தேகம். ரத்தம் பிளாஸ்டிக்கில் பட்ட சில நொடிகளிலேயே ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் அதன்மேல் படியும், அதில் தட்டணுக்கள் வந்து ஒட்டும், பிறகென்ன, உறைதல்தான். பூச்சு இதைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. சில பூச்சுகளில் ஹெப்பாரினே கிடையாது. நம் செல் சவ்வின் வெளிப்பக்கம் போலவே இருக்கும் பாஸ்போரில்கோலினைப் பூசி ரத்தத்தை ஏமாற்றுவார்கள் (எனக்குப் பிடித்த தந்திரம்). ஆனால் வெட்டிய இடத்திலிருந்து உறிஞ்சித் திரும்ப வரும் ரத்தம் காற்றும் திசுவும் பட்டு ஏற்கெனவே உறையத் தயாராக இருக்கும், அதைக் குழாய்ப் பூச்சு என்ன செய்துவிடும்? அதனால்தான் ரத்தம் முழுவதிலும் கலக்கும் ஊசி. இயந்திரத்தை நிறுத்தியதும் புரோட்டமின் என்ற மாற்று மருந்து கொடுத்து ஹெப்பாரினை முறித்துவிடுவார்கள்.