ஏழு டாலர் வேண்டாம் என்ற வீரர்கள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைக் கொண்ட ஒரு தன்னார்வப் படை ஒன்றரை ஆண்டு சம்பளமே வாங்காமல் போரிட்டது என்று படித்தேன். அரசாங்கம் கொடுக்கவில்லையா, அவர்கள் வாங்கவில்லையா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: அரசாங்கம் கொடுத்தது, அவர்கள்தாம் வாங்க மறுத்தார்கள். நீங்கள் குறிப்பிடுவது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54-ஆவது தன்னார்வக் காலாட்படை. 1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பதற்கு வழி திறந்தது. உடனே மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ இந்தப் படையைத் திரட்டத் தொடங்கினார். அதிகாரிகள் வெள்ளையர், வீரர்கள் கறுப்பினத்தவர் என்பது ஏற்பாடு. அடிமைமுறைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்த பிரடெரிக் டக்ளஸ் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்ததோடு, தம் மகன்களுள் இருவரையும் இதில் சேர்த்தார்.

சேரும்போது அவர்களுக்குத் தரப்பட்ட வாக்கு, மற்ற வீரர்களைப் போலவே மாதம் 13 டாலர் சம்பளமும் உடையும் என்பது. ஆனால் சம்பள நாள் வந்தபோது, 1862-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தைக் காட்டி, கறுப்பினத்தவருக்கு 10 டாலர்தான் என்றும், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடிக்கப்படும் என்றும் அறிவித்துவிட்டார்கள். ஆக, கையில் வருவது 7 டாலர். சிப்பாய்க்கும் அதே தொகை, சார்ஜெண்டுக்கும் அதே தொகை. அந்தச் சட்டம் பள்ளம் தோண்டவும் மூட்டை சுமக்கவும் படையோடு வரும் கூலியாட்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் அவர்களை அதிகம் சுட்டது. 1863 செப்டம்பரில் ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பரல், போர்முனை முகாமிலிருந்து நேரே லிங்கனுக்கே கடிதம் எழுதி, நாங்கள் போர்வீரர்களா, கூலிகளா என்று கேட்டார். அந்தக் கடிதத்தில் கெஞ்சல் இல்லை. ஒரு வீரனுக்குரிய கடமையைச் செய்துவிட்டோம், வீரனுக்குரிய சம்பளம் ஏன் இல்லை என்ற நேர்க்கேள்விதான் இருந்தது.

மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் குறையும் தொகையைத் தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்ட முன்வந்தது. அதையும் வேண்டாம் என்றார்கள். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். ஊரில் மனைவி மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கடிதம் வந்துகொண்டிருக்கும்போது, கைக்கு எட்டிய முழுத் தொகையை மறுப்பதற்கு எத்தகைய நெஞ்சுறுதி வேண்டும்! அவர்கள் கேட்டது பணத்தை மட்டும் அன்று; தங்களைச் சமமான வீரர்களாக நாட்டின் அரசே ஏற்க வேண்டும் என்பதை. மாநிலம் கருணையோடு ஈடுகட்டினால் அந்த ஏற்பு கிடைத்துவிடாது அல்லவா?

சம்பளம் வாங்க மறுத்தார்களே தவிர, ஒரு நாளும் போரிட மறுக்கவில்லை. 1864 பிப்ரவரி 20 அன்று புளோரிடாவின் ஒலஸ்டியில், இவர்கள் சார்ந்திருந்த வட மாநிலங்களின் படையான வடபடை தென் மாநிலப் படையிடம் தோற்றுப் பின்வாங்கியபோது, எதிரியைத் தடுத்து நிறுத்திப் பின்காவல் செய்தவர்களுள் இவர்களும் அடக்கம். காயம்பட்டவர்களை ஏற்றி வந்த ரயிலின் எஞ்சின் வழியில் பழுதாகி நின்றுவிட, போரிட்ட களைப்போடு திரும்பி நடந்து, எஞ்சினிலும் பெட்டிகளிலும் கயிற்றைக் கட்டித் தங்கள் தோள்வலிமையாலேயே சில மைல் தூரம் இழுத்து வந்தார்கள். அப்போது அவர்கள் கையில் அரசாங்கச் சம்பளம் ஒரு காசுகூட இல்லை. லிங்கனுக்குக் கடிதம் எழுதிய குடிங் அந்தப் போரில் காயமுற்றுச் சிறைப்பட்டு, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அதே ஆண்டு ஜூலையில் இறந்தார்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1864 ஜூனில் சம ஊதியச் சட்டத்தை இயற்றியது. அதிலும் ஒரு முள் இருந்தது. போர் தொடங்கிய காலமான 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்கு மட்டுமே, படையில் சேர்ந்த நாள் முதல் முழு நிலுவையும் கிடைக்கும். படையிலோ தப்பி வந்த அடிமைகளும் இருந்தார்கள். அப்போது இந்தப் படையின் கர்னலாக இருந்த எட்வர்டு ஹாலோவெல், அந்தத் தேதியில் தான் எவருக்கும் கூலியில்லா உழைப்புக் கடன்பட்டிருக்கவில்லை என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்தால் போதும் என்று வகுத்தார். மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பதே முறையற்றது என்று நம்புகிறவர், அடிமையாக இருந்திருந்தாலும் அந்த உறுதிமொழியை மனசாட்சியோடு எடுக்கலாம். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முழுச் சம்பளமும் வந்து சேர்ந்தது.

கேள்வி: இதே படை வாக்னர் கோட்டைத் தாக்குதலில் தோற்றது. தோல்வியை ஏன் இத்தனை காலமாகக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: தோல்விதான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைக் காத்து நின்ற அந்த மணல் கோட்டைக்குப் போக, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் சதுப்பும் நெருக்கும் குறுகிய கடற்கரை ஒன்றே வழி. 1863 ஜூலை 18 மாலை, பகல் முழுவதும் பொழிந்த பீரங்கிக் குண்டுகளால் கோட்டை ஓய்ந்திருக்கும் என்று தளபதிகள் கணக்குப் போட்டார்கள். உள்ளே இருந்தவர்களோ பதுங்கறைகளில் பத்திரமாக இருந்தார்கள். இரண்டு நாள்களாகச் சரியான உணவும் உறக்கமும் இல்லாமல் வந்து சேர்ந்திருந்த 54-ஆவது படை முன்னணியில் சென்றது. ஏறத்தாழ 600 பேரில் 270 பேர் வரை மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் ஒழிந்தார்கள். படைக்குத் தலைமை தாங்கிய, 25 வயதே ஆன கர்னல் ராபர்ட் கூல்டு ஷா கோட்டைச் சுவரின் மேல் நின்றபடி வீழ்ந்தார். கொடி ஏந்தியவர் விழுந்ததும் அதைத் தூக்கிக்கொண்ட சார்ஜெண்ட் வில்லியம் கார்னி, உடலெங்கும் காயங்களோடு தவழ்ந்து வந்து, கொடி மண்ணைத் தொடவிடாமல் ஒப்படைத்தார்.

கறுப்பினத்தவர் குண்டுமழைக்கு முன் நிற்பார்களா என்று வடக்கிலேயே பலர் இகழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே வாரத்தில்தான் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய கும்பல்கள் கறுப்பினத்தவரை வேட்டையாடி, அவர்களுடைய அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்குத் தீ வைத்தன. வாக்னருக்குப் பின் அந்த இகழ்ச்சிக்கு இடமில்லாமல் போயிற்று. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடபடையில் சேர்ந்தார்கள். ஆனாலும் அந்த ஒரு மாலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதன்பின் பதினான்கு மாதங்கள் நீண்ட சம்பளப் போராட்டத்தை அடிக்குறிப்பாக்கிவிடுவது இவர்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கர்னல் ஷாவை அவமதிக்கவே கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள் என்பது மெய்யா? பிற்காலத்தில் அந்த வீரர்களுக்கு உரிய மரியாதை கிடைத்ததா?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: எதிரிகளின் நோக்கம் அதுதான் என்றே வடக்கில் எல்லோரும் கருதினார்கள். ஷாவின் தந்தையோ, மகனின் உடலை மீட்க வேண்டாம், தன் வீரர்கள் சூழக் கிடப்பதைவிடச் சிறந்த இடம் அவனுக்கு இல்லை என்று எழுதிவிட்டார்.

மரியாதை தாமதமாகவே வந்தது. பாஸ்டனில் சட்டமன்றத்துக்கு எதிரே 1897-இல் திறக்கப்பட்ட வெண்கலச் சிற்பத்தில் குதிரைமேல் ஷாவும் அவருடன் அணிவகுக்கும் வீரர்களும் இருந்தார்கள். ஆனால் மாண்ட அந்த வீரர்களின் பெயர்கள் 1982-இல்தான் பொறிக்கப்பட்டன. கார்னிக்கு நாட்டின் உயரிய போர்ப் பதக்கம் 1900-இல் கிடைத்தது. அதற்குள் அவர் நியூ பெட்போர்டு நகரில் தபால்காரராகப் பல்லாண்டு பணியாற்றிவிட்டார். ஒலஸ்டியில் தலையில் காயமுற்ற சார்ஜெண்ட் ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸை ஆளுநர் ஆண்ட்ரூ அதிகாரியாக உயர்த்தியும், அவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்ற காரணத்தால் போர்த்துறை 1865 ஜனவரி வரை அதை ஏற்கவில்லை. போருக்குப் பின் அவர் தென் கரோலினாவிலேயே தங்கி, மாநில செனட்டராகவும் கிங்ஸ்ட்ரீ நகர மேயராகவும் விளங்கினார். பின்னர் வெள்ளையரின் மிரட்டல் வலுத்து அந்த ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது.