எல்லா வேலைக்கும் ஒரே செயலி: இந்தப் போக்கு எங்கிருந்து வந்தது?

குறிப்பு, பணிப்பட்டியல், அட்டவணை எல்லாவற்றையும் அலுவலக மென்பொருள்கள் ஏன் ஒரே செயலிக்குள் கொண்டுவருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இது புது ஆசை இல்லை. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளின் பெயரே கணக்குத்தாள், வரைபடம், தரவுத்தளம் மூன்றையும் குறித்ததுதான். 1989-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், தனித்தனி மென்பொருள்களை ஒரே தொகுப்பாக விற்றது.

வேலை இணையத்துக்கு நகர்ந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி வந்தது. பேச ஸ்லாக், பணிகளுக்கு ட்ரெல்லோ, கோப்புகளுக்கு டிராப்பாக்ஸ். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அருமையானவை. சிக்கல் இவற்றுக்கு நடுவில்தான். கெடு தேதியை அரட்டையில் மாற்றியிருப்பார்கள். ட்ரெல்லோ அட்டையில் பழைய தேதியே நிற்கும். ஆவணத்தில் மூன்றாவதாக ஒரு தேதி இருக்கும். எது சரி என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

குறிப்பு, பணி, அட்டவணை எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் நோஷன் போன்ற செயலிகள் இதைத்தான் தீர்க்கப் பார்க்கின்றன. நோஷனில் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு பக்கமாகத் திறக்கும். அதே தரவை நாட்காட்டியாகவும் பார்க்கலாம், ட்ரெல்லோ போல அட்டைகள் அடுக்கிய பலகையாகவும் பார்க்கலாம். தேதியை ஓரிடத்தில் மாற்றினால் போதும். என்னைக் கேட்டால் உண்மையான முன்னேற்றம் இதுதான். ஆனாலும் பெரிய கணக்குகளுக்கு எக்செல்லை விட்டு வர மாட்டேன், அந்த ஆழம் இவற்றில் இல்லை. அப்புறம், எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டுவதற்கு முன், தரவை வெளியே எடுக்கும் வசதி எப்படி என்று பார்த்துவிடுங்கள்.