கடலோடி பதில்கள்: நங்கூரம் எடுக்க மனம் வராதவர்கள்

(சரக்குக் கப்பல்களில் பல காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கடலூரில் ஓய்வில் இருப்பவர் பதில் சொல்கிறார்.)

மூன்று வல்லரசுகள் மோதிக்கொள்ள இருந்த நேரத்தில் ஒரு புயல் வந்து சண்டையைத் தடுத்துவிட்டது என்று படித்தேன். நிஜமா?
– கல்லூரி மாணவர், காரைக்கால்

பாதி நிஜம், தம்பி. இடம் பசிபிக் கடலில் இருக்கும் சமோவா. அபியா என்ற துறைமுகம். 1889 மார்ச் மாதம். அந்தத் தீவுக்கு யார் ராஜா என்று உள்ளூரில் சண்டை. ஜெர்மனி ஓர் ஆளைத் தூக்கிப் பிடித்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் அதை ஏற்கவில்லை. ஜெர்மனியின் ஆட்லர், எபர், ஓல்கா, அமெரிக்காவின் டிரென்டன், வண்டாலியா, நிப்சிக், பிரிட்டனின் கலியோப்பி. ஏழு போர்க்கப்பல்கள் ஒரு சின்ன வளைகுடாவுக்குள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

அந்த வளைகுடாவின் வாய் வடக்குப் பக்கம். இரண்டு பக்கமும் பவழப்பாறை, பின்னால் கரை. வடக்கிலிருந்து காற்று அடித்தால் கடல் மொத்தமும் புனலில் ஊற்றின மாதிரி உள்ளே வரும். மார்ச் 15 அன்று பாரமானி இறங்கியதை எல்லாக் கப்பலிலும் பார்த்தார்கள். வாயைத் தாண்டி நடுக்கடலுக்குப் போயிருக்க வேண்டும். யாரும் போகவில்லை. "முதலில் அவன் கிளம்பட்டும், நான் எதற்கு இடம் கொடுக்க வேண்டும்" என்ற வீம்புதான். வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிற தகராறு மாதிரிதான், ஆனால் பீரங்கியோடு.

புயல் வரும்போது கரையை விட்டுக் கடலுக்குள் ஏன் ஓட வேண்டும் என்பது கரையில் இருப்பவர்களுக்கு விளங்காது, முதலில் எனக்கும் விளங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. நிலக்கரிக் கப்பல் ஒன்றில் சென்னைக்கு வெளியே ஆறு ஷேக்கிள் (நங்கூரச் சங்கிலியை அளக்கும் நீள அளவு) சங்கிலி இறக்கி நின்றிருந்தோம். நவம்பர் மாதம். காற்று ஏறத் தொடங்கியதும் கேப்டன் நங்கூரத்தை எடுத்துக் கிழக்கே ஓட்டச் சொன்னார். ஊர் விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, இவர் இருட்டுக்குள் போகச் சொல்கிறாரே என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. போசன், அதாவது மேல்தள மாலுமிகளின் மேஸ்திரி, என் பிடரியில் ஒன்று வைத்தார். "கடலைப் பார்த்து ஏன்டா நடுங்குற? அந்த விளக்கைப் பார்த்து நடுங்கு." கப்பல் மிதக்கிற வரைக்கும் பிழைப்பு உண்டு, தரை தட்டினால் அலை அதை உடைத்துப் போட்டுவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

சரி, அபியாவுக்கு வருகிறேன். 16-ம் தேதி விடியும் முன்பே எபர் பாறையில் மோதி மூழ்கியது. 70 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஆட்லரை அலை தூக்கிப் பாறைத்திட்டின் மேல் ஒருக்களித்துப் படுக்கப்போட்டது. வண்டாலியா தன் கேப்டனையும் சேர்த்து 43 பேரைப் பறிகொடுத்தது. கலியோப்பியின் கேப்டன் கேன் மட்டும் காலையில் ஒரு முடிவெடுத்தார். சங்கிலியைக் கழற்றி விட்டுவிட்டு, இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கச் சொன்னார். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகம் போகக்கூடிய கப்பல் அது. காற்றையும் அலையையும் எதிர்த்து ஒரு நாட் வேகம் தேறுவதே பெரும்பாடாக இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் டிரென்டன். டிரென்டனுக்குள் தண்ணீர் புகுந்து கொதிகலன் நெருப்பே அணைந்துவிட்டது. தங்கள் கப்பல் பிழைக்காது என்று தெரிந்த அந்த அமெரிக்க மாலுமிகள், பக்கத்தில் உரசுகிற மாதிரி கடந்து போன பிரிட்டிஷ் கப்பலைப் பார்த்து ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஏழில் கடலுக்குத் தப்பியது அது ஒன்றுதான். நிப்சிக்கும் ஓல்காவும் கரை ஏறி நின்றன, பிறகு மீட்டார்கள். மொத்தம் சுமார் 150 பேர் இறந்தார்கள். சமோவா மக்கள் கைகோத்துச் சங்கிலியாக அலைக்குள் இறங்கி, எதிரிகளான ஜெர்மானியரையும் சேர்த்து இழுத்துப் போட்டார்கள்.

புயல்தான் போரைத் தடுத்தது என்பது கொஞ்சம் மிகை. பெர்லினில் மாநாடு கூட்டலாம் என்று பிஸ்மார்க் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். ஏப்ரல் கடைசியில் கூடினார்கள், ஜூன் 14-ல் ஒப்பந்தம் ஆனது. மேசையில் உட்கார்ந்தபோது முறைப்பதற்கு அங்கே கப்பல் மிச்சமில்லை, அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து ஜெர்மனியும் அமெரிக்காவும் தீவுகளைப் பங்கு போட்டுக்கொண்டன. காப்பாற்றினவர்களை யாரும் கேட்கவில்லை.

சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்களாமே, பிறகு ஏன் விட்டார்கள்?
– ஆசிரியை, சிதம்பரம்

இதிலும் ஒரு புயல் இருக்கிறது, அம்மா. இதிலும் நேரத்துக்குக் கிளம்பாத ஒருவர் இருக்கிறார்.

1746 செப்டம்பர் 21-ல் லா போர்தோனே என்ற கடற்படைத் தளபதி ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். மொரீசியஸிலிருந்து கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர். 11 லட்சம் வராகன் (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே அதற்குச் சம்மதிக்கவில்லை. சென்னையை உன்னிடம் தருகிறேன் என்று அவர் ஆற்காட்டு நவாபிடம் வேறு வாக்குக் கொடுத்திருந்தார். இருவருக்கும் கடிதச் சண்டை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இந்தச் சண்டை அதில் விரிவாகவே இருக்கிறது.

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். சரக்கும் ஆளும் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் கரைக்கு வரும். அக்டோபர் பாதிக்குள் இந்தக் கரையை விட்டுப் போய்விட வேண்டும் என்பது கப்பல்காரர்களுக்குப் பாலபாடம். லா போர்தோனேவுக்கும் அது தெரியும். ஆனால் பேரம் முடியவில்லை. அக்டோபர் 13 இரவு, ஐப்பசி பிறக்கிற நேரம், புயல் அடித்தது. சில கப்பல்கள் ஆளோடு மூழ்கின, மற்றவை பாய்மரம் முறிந்து தள்ளாடின. 1000 பேருக்கு மேல் செத்தார்கள். மிச்சத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டு அவர் கிளம்பிப் போனார். பிரான்ஸில் அவருக்குக் கிடைத்தது பாஸ்டில் சிறை. கடைசியில் குற்றமற்றவர் என்று விட்டார்கள்.

அவர் போனதும் டூப்ளே அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றார். சென்னையை நவாபுக்கும் தரவில்லை. அடையாற்றில் நவாபின் படை தோற்றதும் அந்தச் சமயத்தில்தான். சென்னையில் சிக்கியிருந்த ஒரு குமாஸ்தாப் பையன் மாறுவேஷத்தில் தப்பி, எங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு ஓடிவந்தான். பெயர் ராபர்ட் கிளைவ்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: 1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் பேசியபோது, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்ஸ் திரும்பக் கேட்டது. அதற்கு மாற்றாகச் சென்னையைக் கொடுத்தது. 1749-ல் கைமாறியது. கனடாப் பக்கத்துக் கோட்டை ஒன்றுக்கு நம் ஊர் சில்லறை.

11-ம் எண் புயல் கூண்டு ஏற்றினால் ஊரே அழிந்துவிடும் என்கிறார் என் மாமனார்.
– வாசகி, நாகப்பட்டினம்

மாமனாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். 8, 9, 10 தான் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் தொங்கும். அடுத்த முறை எண்ணைக் கேட்காமல் விளக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பொழுது போகும்.

'சைக்ளோன்' என்ற பெயரை வைத்தது யார்?
– வாசகர், விருத்தாசலம்

கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கி, எந்த மணிக்குக் காற்று எந்தத் திசை என்று ஒப்பிட்டுப் பார்த்தவர். காற்று சுருண்டு அடிப்பதைக் கண்டு, பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848 வாக்கில் இந்தப் பெயரை எடுத்தார். சுந்தரவனத்தில் மாட்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப்போகிறார்கள் என்றதும், புயல் நேரத்தில் கடல் ஏறி அடித்துப் போய்விடும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கே எழுதினார். கட்டினார்கள். போர்ட் கேனிங் என்று பெயரும் வைத்தார்கள். 1867-ல் கடல் ஏறியது. பிடிங்டன் இறந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.