ஒரு கால் மட்டும் வீங்கினால் காத்திருக்காதீர்கள்

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் 112 கிலோ, பட்டர்வொர்த்திலிருந்து ஜோகூர் வரை லோரி ஓட்டுகிறார், இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்மா. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால், உருவும்போது அது பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். இன்றைக்கே செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். வழியிலோ வீட்டிலோ மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் உடனே 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

உடல் பருமனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றீர்கள். நிறையவே இருக்கிறது. உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ அளவு 30-ஐத் தாண்டியவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. வயிற்றுக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். பிஏஐ-1 என்ற புரதமும் கூடிவிடும். சின்னக் கட்டிகளை உடம்பு தானே கரைத்துக்கொள்வதை அது தடுக்கிறது. போதாததற்குப் பெருத்த வயிறு இடுப்பு ரத்தக்குழாய்களை அழுத்த, காலிலிருந்து ரத்தம் மேலேறத் திணறுகிறது. கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அந்த ரத்தம் மேலே தள்ளப்படும். அவரோ மணிக்கணக்காக ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

டாக்டரிடம் அவருடைய வேலையை மறக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருந்தால் அதையும். கட்டி உறுதியானால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவார்கள், பெரும்பாலும் குறைந்தது 3 மாதம். வீக்கம் வடிந்ததும் அவராக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.