வாசகர் கேள்வி – பதில்: கோட்டும் கவுனும் போட்ட பிழைப்பு

கேள்வி: டிவியில் கோட்டும் கவுனுமாக ஜோடி ஜோடியாகச் சுழல்கிறார்களே, அந்த பால்ரூம் நடனக்காரர்கள் அதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா? வயதானால் என்ன செய்வார்கள்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும். ஆனால் சோறு போடுவது ஆட்டமல்ல, வாத்தியார் வேலை. இங்கிலாந்தின் லென் குட்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் பட்டறையில் வெல்டிங் பழகிக்கொண்டிருந்த பையன். கால்பந்து ஆடிப் பாதத்தில் அடி. நடனம் ஆடினால் சரியாகும் என்றார் டாக்டர். அப்போதே 19 வயது! முப்பதைத் தொடுவதற்குள் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் நடக்கும் நடனப் போட்டியில் பிரிட்டிஷ் பட்டம் வென்றார். போட்டிக்கும் முழுக்குப் போட்டார். அப்புறம் டார்ட்ஃபோர்டில் நடனப் பள்ளி. 2004-ல் பிபிசி தன் டிவி நடனப் போட்டிக்குத் தலைமை நடுவராகக் கூப்பிட்டபோது அவருக்கு 60 வயது. 2023-ல், 78 வயதில் காலமானார். கோப்பைக்கும் டிவிக்கும் நடுவே முப்பது வருடம் போயிருக்கிறது, பாருங்கள்.

அந்த மாதிரி முப்பது வருடம் எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். லண்டனில் வேலை பார்த்தபோது, ஒரு மாதா கோவில் ஹாலில் செவ்வாய்க்கிழமை தோறும் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் படிக்கப் போனேன். ஆசிரியை பழைய போட்டிக்காரர், அறுபதைத் தாண்டியவர். காலையில் கல்யாண ஜோடிக்கு 'முதல் நடனம்' சொல்லித்தருவார். மதியம் ஓய்வு பெற்றவர்கள், பள்ளி விட்டதும் மெடல் பரீட்சைக்குக் குழந்தைகள், ராத்திரி எங்களைப் போன்ற மரக்கட்டைகள். பெண்களோடு ஆடும்போது ஆண் அடவு, எங்களோடு ஆடும்போது பெண் அடவு, அதுவும் பாதி நேரம் பின்பக்கமாக நடந்து. மிதிபட்டு மிதிபட்டுக் கால் நகமெல்லாம் கறுத்திருக்கும். என் பங்கும் அதில் உண்டு. வகுப்பு முடிந்ததும் ஷூவின் மெத்தென்ற தோல் அடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். தேய்க்காவிட்டால் மறுநாள் வழுக்குமாம்.

கேள்வி: நிஜப் போட்டியிலும் நடுவர்கள் டிவியில் போல மார்க் அட்டை தூக்குவார்களா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அதெல்லாம் டிவிக்கு. பிளாக்பூலில் 1920-லிருந்து நடன விழா நடக்கிறது. அங்கே ஆரம்பச் சுற்றில் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் தரையில் இறங்கும். பாட்டு ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் யார் அடுத்த சுற்றுக்கு என்று நடுவர் குறித்துவிட வேண்டும். ஆளுக்கு ஆள் விளக்கமெல்லாம் கிடையாது. வழக்கமாக ஆறு ஜோடி மிஞ்சும் இறுதிச் சுற்றில்தான் முதல், இரண்டாம் இடமெல்லாம். ஆக, ஒரு ஜோடிக்குக் கிடைக்கும் சில விநாடியில் நடுவர் கண்ணில் பட்டாக வேண்டும். கண்ணைப் பறிக்கும் கல் வைத்த கவுனும், பசை போட்டு வாரிய தலையும் பின்னே எதற்கு? எண் அட்டை ஆணின் முதுகில்தான் இருக்கும். பெண்ணின் கவுனில் ஊசி குத்த முதுகுத் துணி எங்கே இருக்கிறது?

கேள்வி: ஜோடி பிரிந்துவிட்டால்?
– அதே தஞ்சாவூர் வாசகி

பதில்: திண்டாட்டம்தான். உயரம் பொருந்த வேண்டும், ஊர் பொருந்த வேண்டும், குணமும் பொருந்த வேண்டும். பழைய ஜோடியோடு வருடக்கணக்கில் பழகிய அடிகளை முதலிலிருந்து பழக வேண்டும். என் ஆசிரியைக்கு மூன்று ஜோடி மாறியதாம். கட்டிக்கொண்டது மூவரில் ஒருவரையும் அல்ல. கணவர் ஆடவே மாட்டார். ஹால் வாசலில் பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்து வகுப்புக் காசு வாங்குவார்.