டைனோசர் காலத்தில் புல் இருந்ததா?

கேள்வி: டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் பூமியில் புல்லே முளைக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: அப்படித்தான் நெடுநாள் கருதப்பட்டது, பெரணிகளும் ஊசியிலை மரங்களுமே அக்காலத்தின் பெரும்பகுதியில் நிலத்தை மூடியிருந்தன. ஆனால், மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்னும் ஊரருகே கிடைத்த, கல்லாகிப்போன சாணத்தை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு அக்கருத்தை மாற்றியது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, புல்லின் திசுக்களில் படியும் சிலிக்காத் துகள்கள், சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் வடிவம் குலையாமல் இருந்தன. அவற்றுள் நெல்லுக்கு உறவான வகையும் இருந்தது எத்தனை வியப்புக்குரியது! டைட்டனோசர் எனப்படும் நெடுங்கழுத்துப் பேருருவங்களின் சாணமாக அது கருதப்படுகிறது. பனை, ஊசியிலை மரங்களின் எச்சங்களும் அதிலேயே கலந்திருப்பதால், புல் அவற்றின் உணவில் ஒரு பகுதி மட்டுமே. பரந்த புல்வெளிகள் தோன்றியதோ, டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.